பார்த்தாலே தெரியலையா?

முதல்ல என் பக்கத்து அழுக்கைச் சொல்லிடறேன். அப்புறம் ஊர்க்கதை பேசலாம்.

பிளஸ் ஒன் படிக்கும்போது மாவட்டப் போட்டியில் 800 மீட்டர் ஓடினேன். நாலாவது வந்தேன். முதல் மூணு பேருக்கு மேடை, சர்டிபிகேட். நாலாவது வந்தவளுக்கு ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணி. ஜெயிச்ச பொண்ணு கடைசி வளைவிலேயே எங்களை எல்லாம் விட்டுட்டுப் போயிட்டா. ஒட்ட வெட்டின முடி, கனத்த குரல், அகலமான தோள். பந்தல்ல உட்கார்ந்து ஷூவைக் கழட்டிக்கிட்டே நான் சொன்னேன்: "பார்த்தாலே தெரியலையா? அது பொண்ணே இல்ல." சுத்தி இருந்த நாலு பேரும் சிரிச்சாங்க. அவ எங்களுக்கு ரெண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. கண்டிப்பா காதுல விழுந்திருக்கும்.

அதை நான் மறந்தே போயிருந்தேன். 2025 செப்டம்பரில், டோக்கியோ உலக தடகளப் போட்டி நடந்த வாரம், ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு சண்டை. அந்தப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமென்றால் வாழ்நாளில் ஒரு தடவை மரபணு சோதனை செய்திருக்க வேண்டும் என்ற விதி செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்திருந்தது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் ஒரு தேய்ப்பு, எஸ்.ஆர்.ஒய் என்ற மரபணு இருக்கா இல்லையா என்று ஒரு முடிவு, அவ்வளவுதான். "கரெக்ட்தானே, இதுல என்ன தப்பு?" என்று ஒரு கூட்டம். "அசிங்கம்" என்று இன்னொரு கூட்டம். நான் முதல் கூட்டத்தில் சத்தமாகப் பேசினேன். நாலாவது வந்தவளுக்குத்தானே அந்த வலி தெரியும்!

அன்னைக்கு ராத்திரி, வாதத்துக்கு ஆதாரம் தேடலாம் என்று காஸ்டர் செமன்யாவைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். விடியற்காலை மூணு மணிக்கு என் வாதத்தில் பாதி கையில் இல்லை. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. ரெண்டையும் உங்க முன்னாடி வைக்கிறேன். முழுக்க என் பக்கம் வரணும்னு கேட்கலை.

செமன்யா 1991-ல் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவின் வடக்கே லிம்போபோ மாகாணத்தில் ஒரு கிராமம். பையன்களோடு கால்பந்து ஆடி வளர்ந்தவர். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: அவர் வாங்கிய முதல் பெரிய சர்வதேசத் தங்கங்களில் ஒன்று நம்ம நாட்டில், புனேயில், 2008 அக்டோபரில் நடந்த காமன்வெல்த் இளையோர் போட்டியில். 800 மீட்டர், 2 நிமிடம் 4.23 விநாடி. அப்போது 17 வயசு. யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நேரம் யாரையும் பயமுறுத்துகிற நேரம் இல்லை.

பத்து மாதம் கழித்து, 2009 ஆகஸ்ட் 19, பெர்லின் உலகப் போட்டி இறுதிச் சுற்று. 1 நிமிடம் 55.45 விநாடி. இரண்டாவது வந்த கென்யாவின் ஜானெத் ஜெப்கோஸ்கெய்க்கும் அவருக்கும் இடைவெளி 2.45 விநாடி. 800 மீட்டரில் இது எவ்வளவு பெரிய இடைவெளி என்றால், டிவியில் இருவரையும் ஒரே ஃபிரேமில் காட்ட கேமராக்காரர் கொஞ்சம் பின்னால் போகணும்.

அவருக்கு அப்போது 18. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் முதலாம் ஆண்டு. உங்க ஃபர்ஸ்ட் இயரை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. சீனியர் பெயர் கேட்டாலே நாக்கு குழறும் வயசு அது. அந்த வயசில், இறுதிச் சுற்றுக்குச் சில மணி நேரம் முன்பு, அவர் பெண்தானா என்று சோதனை நடப்பதாகச் செய்தி கசிந்து உலகம் முழுக்கப் பரவியது. கசிந்த பிறகும் அவர் ஓடினார், ஜெயித்தார். ஜெயித்தவர் உட்கார வேண்டிய செய்தியாளர் கூட்டத்துக்கு அவரை அனுப்பவில்லை. அந்த நாற்காலியில் சர்வதேச தடகள சம்மேளனத்தின் பொதுச்செயலாளர் உட்கார்ந்து, அவர் உடம்பைப் பற்றிப் பேசினார்.

இதைவிட ஒன்று இருக்கிறது. பெர்லினுக்குப் புறப்படும் முன்பே பிரிட்டோரியாவில் அவருக்குச் சோதனை நடந்திருந்தது. வழக்கமான ஊக்கமருந்து சோதனை என்றுதான் அவர் நினைத்திருந்தார். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அவர் நாட்டுத் தடகள சம்மேளனத் தலைவர் ஊடகங்களிடம் அடித்துச் சொன்னார். செப்டம்பரில், பொய் சொன்னேன் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அதே பெர்லின் ஓட்டத்தில் ஐந்தாவது வந்தவர் ரஷ்யாவின் மரியா சாவினோவா. செமன்யாவைப் பற்றிச் செய்தியாளர்கள் கேட்டபோது, அவரைப் பாருங்களேன், அது போதும் என்ற அர்த்தத்தில் ஒரு வரி சொன்னார். அதைப் படித்தபோதுதான் எனக்கு அந்தப் பந்தலும் வாழைப்பழமும் ஞாபகம் வந்தது. நான் சொன்னதும் அதேதான். பாஷை மட்டும் வேற.

சாவினோவா கதையின் பின்பாதியையும் கேளுங்க. 2011 டேகு உலகப் போட்டி, 2012 லண்டன் ஒலிம்பிக் இரண்டிலும் 800 மீட்டரில் தங்கம் சாவினோவாவுக்கு, வெள்ளி செமன்யாவுக்கு. பிறகு சாவினோவா ஊக்கமருந்து எடுத்தது நிரூபணமாகி, 2017-ல் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. இரண்டு தங்கமும் செமன்யாவுக்கு வந்தன. உலகமே கண்ணால் பார்த்துச் சந்தேகப்பட்டது ஒருத்தரை. ஏமாற்றியது இன்னொருத்தர். கண்ணை வைத்துச் சோதனை செய்தால் இதுதான் ரிசல்ட்.

இப்போ தோஹாவுக்கு வரணும். ஏனென்றால் பெர்லினுக்கு மூணு வருஷம் முன்பே இந்தக் கதை நம்ம ஊர்ப் பெண் ஒருவருக்கு நடந்துவிட்டது.

சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கதக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி, 800 மீட்டர், 2 நிமிடம் 3.16 விநாடி, வெள்ளி. புனேயில் செமன்யா ஓடிய நேரத்தைவிட ஒரு விநாடிக்கு மேல் வேகம். அடுத்த சில நாட்களில் பாலினச் சோதனை. பிறகு பதக்கம் இல்லை. அப்போது விதிப்புத்தகத்தில் எந்த ஹார்மோன் அளவும் எண்ணாக எழுதப்பட்டிருக்கவில்லை. அவருக்கு உட்கார வைத்து விளக்கம் சொன்னவர் இல்லை, மேல்முறையீட்டுக்கு வக்கீல் வைத்துக் கொடுத்தவர் இல்லை. செய்தி மட்டும் டிவியில் ஓடியது.

ரெண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. செமன்யா ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் இறங்கியபோது ஆயிரக்கணக்கானவர்கள் பாட்டும் ஆட்டமுமாக வரவேற்றார்கள். அவர் நாட்டு அரசு கூட நின்றது. வக்கீல்கள் வந்தார்கள். பெர்லின் பதக்கம் அவரிடமே இருக்கிறது. சாந்திக்கு அன்றைய தமிழக அரசு பரிசுத்தொகை கொடுத்தது, அதைச் சொல்லாமல் விடுவது தப்பு. ஆனால் பதக்கத்துக்காக லோசான் வரை போய் வாதாட இந்தியத் தரப்பில் யாரும் கிளம்பவில்லை. அவர் உயிரையே விடும் எல்லை வரை போய்த் திரும்பினார். 2012-ல் சூளையில் கல் அறுக்கும் வேலைக்கே போனார். அதன் பிறகுதான் பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு, 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை. இவ்வளவுக்கும் அவர் ஏமாற்றியதாக யாரும் நிரூபிக்கவில்லை. எதையும் குடிக்கவில்லை, ஊசி போடவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார்.

2014-ல் ஒடிசாவின் த்யுதி சந்துக்கு இதே நடந்தபோது இந்தியா பாடம் கற்றிருந்தது. இந்திய விளையாட்டு ஆணையம் செலவை ஏற்றது, வழக்கு விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2015 ஜூலையில் தீர்ப்பு: டெஸ்டோஸ்டிரோன் 10 நானோமோலுக்கு மேல் போனால் பெண்கள் பிரிவில் இடமில்லை என்ற 2011-ம் வருட விதி நிறுத்திவைப்பு. அந்த அளவு எவ்வளவு சாதகம் தருகிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை, கொண்டுவாருங்கள் என்றது மன்றம். அந்தத் தீர்ப்பால்தான் செமன்யா மருந்தை நிறுத்திவிட்டு மறுபடி ஓட முடிந்தது. புவனேஸ்வரில் பயிற்சி எடுத்த ஒரு பெண் போட்ட வழக்கு லிம்போபோ பெண்ணின் கால்கட்டை அவிழ்த்தது. இதை நம்ம விளையாட்டுப் பக்கங்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

மருந்து என்று சொன்னேன் இல்லையா? 2010-ல் மறுபடி ஓட அனுமதித்தபோது, ஹார்மோனைக் குறைக்க மாத்திரை எடுக்க வேண்டியிருந்தது. குமட்டல், காய்ச்சல், எடை ஏறுதல், ஓயாத வயிற்று வலி என்று பக்கவிளைவுகளைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நோய் இல்லாத ஒருத்தருக்கு மருந்து! மாதவிடாய் நாளில் ஒரு மெஃப்டால் போட்டுட்டு இன்டர்னல் எழுதப் போன அனுபவம் நம்மில் பாதிப்பேருக்கு இருக்கும். அந்த நிலையை அஞ்சு வருஷத்துக்கு நீட்டி, அதோடு ஒலிம்பிக் இறுதிச் சுற்றும் ஓடுங்க என்றால் எப்படி?

ஆனால் நேர்மையாக இன்னொன்றும் சொல்லணும். மாத்திரை எடுத்த காலத்தில் அவர் நேரம் கூடியது. லண்டனில் 1 நிமிடம் 57.23. நிறுத்தியதும் குறைந்தது. 2016 ரியோவில் 1:55.28, தங்கம். 2018 பாரிசில் 1:54.25, அவர் வாழ்நாளின் சிறந்த ஓட்டம். எனவே "ஹார்மோனுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்று என் ரூம்மேட் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சம்பந்தம் இருக்கு. கேள்வி, எவ்வளவு என்பதுதான். நாம இன்ஜினியர்கள். "இருக்கு" என்பது நமக்கு விடை இல்லை. "எவ்வளவு, எப்படி அளந்தீங்க, பிழை எத்தனை சதவீதம்?" என்பதுதான் விடை.

மெட்ராலஜி லேப் ஞாபகம் இருக்கா? கோ, நோ-கோ கேஜ். ஒரு முனை துளைக்குள் நுழையணும், மறுமுனை நுழையக் கூடாது. நுழைந்தால் ரிஜெக்ட். வேலை ரொம்ப சுலபம், யோசிக்கவே வேண்டாம். ஆனால் வைவாவில் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "கேஜை யார் காலிபரேட் பண்ணினது?"

அந்தக் கேள்வியை இங்கே கேட்போம்.

த்யுதி வழக்கில் ஆதாரம் கேட்கப்பட்டதும் சம்மேளனம் ஓர் ஆய்வைக் கொண்டுவந்தது. 2017-ல் வெளியானது. எழுதியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பின்னாளில் அதே அமைப்பின் மருத்துவ, அறிவியல் துறைக்குத் தலைவர். 2011, 2013 உலகப் போட்டிகளில் எடுத்த ரத்த மாதிரிகள். ஒவ்வொரு போட்டியிலும் பெண்களை டெஸ்டோஸ்டிரோன் அளவுப்படி மூணு பங்காகப் பிரித்து, மேல் பங்கும் கீழ்ப் பங்கும் எவ்வளவு வித்தியாசமாகச் செய்தார்கள் என்று பார்த்தார்கள். மொத்தம் 21 போட்டிகள். அதில் ஐந்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. சங்கிலிக் குண்டு எறிதலில் 4.53 சதவீதம், கோலூன்றித் தாண்டுதலில் 2.94, 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 2.78, 400 மீட்டரில் 2.73, 800 மீட்டரில் 1.78.

இப்போ 2018 விதி எந்தப் போட்டிகளுக்கு வந்தது தெரியுமா? 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரை. பட்டியலில் முதல் இரண்டு இடத்தில் இருந்த சங்கிலிக் குண்டும் கோலூன்றியும் விதியில் இல்லை. ஆய்வில் வித்தியாசமே தெரியாத 1500 மீட்டர் விதியில் இருக்கிறது. ஆய்வு தொடவே தொடாத மைல் ஓட்டமும் இருக்கிறது. செமன்யா ஓடிய போட்டிகள் எவை? 400, 800, 1500. அதே 2018 ஏப்ரலில்தான் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்தில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கியிருந்தார். இந்த முடிவுக்கும் சம்மேளனம் காரணங்கள் சொன்னது, இல்லை என்று சொல்லலை. ஆனால் நம்ம லேப் ரெக்கார்டில் இப்படி ஒரு கிராஃப் போட்டு, வேண்டாத ரீடிங்கை விட்டுட்டு, எடுக்காத ரீடிங்கைச் சேர்த்துக் கொண்டுபோனால் ஸ்டாஃப் கையெழுத்துப் போடுவாங்களா?

அதோடு முடியலை. வெளி ஆய்வாளர்கள் மூணு பேர் மூலத் தரவில் கிடைத்த பகுதியைத் திரும்பச் சரிபார்த்தார்கள். ஒரே நேரம் இரண்டு தடவை பதிவாகியிருந்தது. ஓடாத நேரங்கள் ஓடியதாக இருந்தன. பார்த்த நாலு போட்டிகளிலும் 17 முதல் 33 சதவீதம் வரை பதிவுகளில் சிக்கல். கடைசியில் 2021-ல், ஆய்வை வெளியிட்ட அதே இதழில், எழுதியவர்களே திருத்தம் போட்டார்கள்: இது ஒரு தொடக்க நிலைத் தேடல்தான், ஹார்மோன்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இதில் இல்லை என்று.

திருத்தம் 2021-ல். தீர்ப்பு அதற்கு முன்பே, 2019 மே 1-ல், வந்துவிட்டது. மூணு நடுவர்களில் இரண்டுக்கு ஒன்று. விதி பாரபட்சமானது என்று அவர்களே எழுதினார்கள். ஆனால் பெண்கள் பிரிவைக் காக்க அந்தப் பாரபட்சம் தேவையானது, நியாயமானது என்றும் எழுதினார்கள். 1500, மைல் இரண்டுக்கும் சான்று போதுமா என்று கவலைப்பட்டார்கள், கவலைப்பட்டுவிட்டு அப்படியே விட்டார்கள்.

இரண்டே நாள் கழித்து, மே 3, செமன்யா ஒரு டயமண்ட் லீக் போட்டியில் ஓடினார். 1 நிமிடம் 54.98, முதலிடம். ஊர் எது தெரியுமா? தோஹா. பதிமூணு வருஷம் முன்பு சாந்தி ஓடிய அதே ஊர்.

அதன் பிறகு விதிப்படி மருந்து எடுக்க முடியாது என்றுவிட்டார். தனக்குரிய ஓட்டத்தை விட்டு 5000 மீட்டருக்குப் போனார். 800 ஓடுகிறவரை 5000 ஓடச் சொல்வது, சிஎஸ்இ-யில் கேட் ரேங்க் வாங்கினவரை சிவில் பேப்பர் எழுதி பாஸ் பண்ணு என்று சொல்வது மாதிரி. தசை வேறு, பயிற்சி வேறு. 2021 டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற முடியவில்லை. 2022 உலகப் போட்டியில் முதல் சுற்றோடு வெளியே. 2023 மார்ச்சில் விதி இன்னும் இறுகியது. எல்லாப் போட்டிகளுக்கும், 2.5 நானோமோல், இரண்டு வருடம் தொடர்ந்து. 5000 மீட்டர் கதவும் மூடியது.

சரி, என் கையில் மீதி இருக்கிற பாதி வாதத்துக்கு வருகிறேன். ரியோ 2016, 800 மீட்டர். முதல் மூணு இடம்: செமன்யா, புருண்டியின் ஃபிரான்சின் நியோன்சாபா, கென்யாவின் மார்கரெட் வாம்புய். மூணு பேரும் பின்னாளில் இதே விதியால் 800-ஐ விட்டு வெளியேற வேண்டியவர்கள். நாலாவது வந்தவர் கனடாவின் மெலிசா பிஷப். 1 நிமிடம் 57.02. அது அன்றைக்குக் கனடாவின் தேசிய சாதனை. வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓடியதே இல்லை, ஆனாலும் மேடை இல்லை. அவரிடம் போய், "மைக்கேல் ஃபெல்ப்ஸுக்குக் கை நீளம், யாராவது தடை பண்ணினாங்களா?" என்று கேட்க என்னால் முடியாது. இணையத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. எனக்கு அது சுலபமான விடையாகத் தோன்றுகிறது. நீச்சலில் நீளக் கை, குட்டைக் கை என்று பிரிவு இல்லை. தடகளத்தில் ஆண், பெண் என்று பிரிவு இருக்கிறது. பிரிவு இருந்தால் எல்லை இருக்கும். எல்லை இருந்தால் அதன் மேலேயே பிறந்த சிலர் இருப்பார்கள்.

செமன்யாவின் குரோமோசோம் எக்ஸ்-ஒய், ஹார்மோன் பெரும்பாலான பெண்களைவிட அதிகம், இது வழக்கிலேயே பதிவான விஷயம். அவர் பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக வாழ்கிறவர், இதுவும் வழக்கில் மறுக்கப்படாத விஷயம். அவரது சிறந்த நேரம் உலகப் பட்டியலில் நாலாவது. சாதனை 1983-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராட்டோச்விலோவா ஓடிய 1:53.28, இன்னும் முறியவில்லை. செமன்யாவும் அதைத் தொடவில்லை. ஆண்கள் சாதனைக்கும் அவருக்கும் நடுவே 13 விநாடிக்கு மேல். "ஆண் வந்து பெண்களோடு ஓடினார்" என்று மெஸ்ஸில் நான் பேசினது அந்த 13 விநாடியில் உடைகிறது. "எந்தச் சாதகமும் இல்லை" என்று என் ரூம்மேட் பேசினது மாத்திரைக் காலத்து நேரங்களில் உடைகிறது.

அப்போ எல்லையை எப்படித்தான் போடுவது? புது மரபணு சோதனை ஒரு விதத்தில் பழசைவிட நேர்மையானது என்று எனக்குப் படுகிறது. எல்லோருக்கும் பொது. தோள் அகலமாக இருக்கிறவளை மட்டும் தனியாகக் கூப்பிடுவது இல்லை. ஆனால் இதே மாதிரி சோதனையை உலகம் முன்பே ஒரு தடவை செய்து பார்த்துக் கைவிட்டிருக்கிறது. 1985-ல் ஜப்பானின் கோபேயில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி, அதாவது நம்மை மாதிரி மாணவர்களுக்கான போட்டி. ஸ்பெயினின் தடை ஓட்டக்காரர் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ குரோமோசோம் சோதனையில் வெளியே அனுப்பப்பட்டார். அவர் உடம்பு டெஸ்டோஸ்டிரோனுக்குக் கொஞ்சமும் எதிர்வினை செய்யாத உடம்பு. அதாவது சோதனையில் தோற்றார், ஆனால் ஹார்மோனால் அவருக்கு ஒரு சாதகமும் இல்லை. அதை நிரூபித்துத் திரும்பி வர மூணு வருஷம் ஆனது. 1996 அட்லாண்டாவில் எட்டுப் பெண்கள் சோதனையில் சிக்கினார்கள், எட்டுப் பேரையும் ஓட விட்டார்கள். 1999-ல் ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சோதனையையே நிறுத்தியது. இப்போது மறுபடி வந்திருக்கிறது, புதுப் பெயரில், புதுக் கருவியில். முழு எதிர்ப்புத்தன்மை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு என்கிறார்கள். நல்லது. ஆனால் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அந்த முடிவை யார் சொல்வார்கள், எந்த மொழியில், கூட யார் இருப்பார்கள், செய்தி கசிந்தால் யார் பதவி போகும்? விதிப்புத்தகத்தில் நான் பார்க்க விரும்பும் பக்கம் அதுதான். எண்ணை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். 10 போட்டாங்க, 5 போட்டாங்க, 2.5 போட்டாங்க. 2006-ல் சாந்திக்கு நடந்ததை எந்தப் புது எண் திருத்தியது?

2025 ஜூலை 10, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு செமன்யா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சுவிஸ் நீதிமன்றம் அவர் தரப்பை வேண்டிய அளவு கவனமாக ஆராயவில்லை, நியாயமான விசாரணைக்கான அவர் உரிமை மீறப்பட்டது என்று. விதி தப்பா சரியா என்பதற்குள் அது போகவில்லை. அவருக்கு அப்போது 34 வயசு. 800 மீட்டர் ஓடும் வயசு எப்போதோ போய்விட்டது. இப்போ மத்தவங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். சாந்தியும் பயிற்சியாளர்தான். தோஹா முடிவுப் பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்தில் இன்னும் வேறு பெயர்தான் இருக்கிறது. அந்தப் பதக்கத்தைத் திரும்பக் கேட்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் இன்றைக்குக்கூட ஒரு மனு போடலாம். 2006-ல் விதியில் எண்ணே இல்லை என்ற ஒரு காரணம் போதும் ஆரம்பிக்க.

அந்த மாவட்டப் போட்டிப் பெண்ணை நான் அப்புறம் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், அடுத்த வருஷம் அதே மைதானத்தில். ஓட வரலை. தங்கச்சியை ஓட விட்டுட்டு வெளியே நின்னா. முடி வளர்த்திருந்தா, துப்பட்டா போட்டிருந்தா. நான் பேசலை. என்னன்னு பேசறது?

நம்ம கல்லூரி ஸ்போர்ட்ஸ் டேக்குப் பேர் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கு. போன வருஷம் பெண்கள் 800 மீட்டருக்கு மூணே பேர் வந்ததால, ஓடி முடிச்ச எல்லாருக்கும் மெடல் கிடைச்சுது. இந்தத் தடவை நான் பேர் கொடுத்திருக்கேன். இன்னும் அஞ்சு பேராவது வேணும். நாலாவது வர யாராவது இருந்தாத்தான் அது ரேஸ். ஃபைனல் இயர் அக்காங்க, லேட்டரல் என்ட்ரி, ஹாஸ்டலர், டேஸ்காலர், யாரா இருந்தாலும் சரி. பி.டி. மேடம் ரூம் வாசல்ல நோட்டு தொங்குது. பேனா கட்டியிருக்காங்க, ஆனா எழுதாது. சொந்தப் பேனா எடுத்துட்டு வாங்க.